வீட்டில் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால்: சென்னையில் பதில் கேட்டு அலையப் போகிறவர்களுக்கு

சாவு வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கமிஷனர் ஆபீஸுக்குப் போ என்பார் ஒருவர், டிவிக்காரர்களைக் கூப்பிடு என்பார் இன்னொருவர், "போனது போச்சு, அறுத்துப் பார்த்தா ஆள் திரும்பி வரப் போறாரா, நேரத்தோட எடுத்துடலாம்" என்பார் ஊரிலிருந்து வந்து இறங்கிய பெரியப்பா. பெரும்பாலும் பெரியப்பா சொன்னதுதான் நடக்கும், அதுதான் சுலபம் என்பதால். எங்கள் பகுதியில் இப்படி ஏதாவது நடந்தால் கூட ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் வக்கீல் இல்லை. ஸ்டேஷன், மார்ச்சுவரி, கோர்ட் என்று கூடப் போய்ப் போய்த் தெரிந்துகொண்டதை வரிசைப்படி சொல்கிறேன்.

வரிசை என்றால், எது முதலில் அழியுமோ அது முதலில். உடல் ஓரிரு நாளில் போய்விடும். சிசிடிவி பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். பார்த்தவர்கள் ஞாபகம் சில வாரங்களில் குழம்பிவிடும். ஆஸ்பத்திரி ஃபைல் வருடக் கணக்கில் இருக்கும், நஷ்ட ஈடும் கோர்ட்டும் கொஞ்சம் காத்திருக்கும். ஆனால் வீட்டில் பேச்சு ஆரம்பிப்பது கடைசியில் சொன்ன இரண்டிலிருந்துதான்.

உடலை எடுப்பதற்கு முன்

சாவில் சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். லேசான நெருடல் இருந்தாலும் எரிப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை (பி.எம்.) கேளுங்கள். புதைத்த உடலையாவது கோர்ட் உத்தரவு வாங்கித் தோண்டி எடுக்கலாம், எரித்துவிட்டால் அதோடு முடிந்தது. தனியார் மருத்துவமனையில் இறந்தவருக்கு, இயற்கைச் சாவு என்ற முடிவில் இறப்புக் காரணச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டால் போலீஸ் தானாக வராது. அந்த மருத்துவமனையை விட்டு வெளியே வரும் முன்பே நீங்கள்தான் அந்த எல்லைக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தற்கொலை, விபத்து, சந்தேக மரணம் எல்லாவற்றுக்கும் போலீஸ் விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194ஆவது பிரிவு. ஸ்டேஷனில் இன்னும் பழக்கத்தில் '174' என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

எந்த ஸ்டேஷன் என்பதில் ஒரு சின்னச் சிக்கல் வரும். 2022 ஜனவரியிலிருந்து சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று கமிஷனரேட்டுகள். நாம் சென்னை என்று நினைக்கும் பல இடங்கள் மற்ற இரண்டில் வரும். "இது எங்க லிமிட் இல்ல சார்" என்று அனுப்பினால், எல்லை எதுவாக இருந்தாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அமைதியாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் உட்காரச் சொல்வார்கள்.

அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தால் அங்கே ஏ.ஆர். காப்பி என்று ஒன்று போட்டிருப்பார்கள். விபத்துப் பதிவேட்டின் நகல் அது. யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார்கள் என்று டூட்டி டாக்டர் எழுதியிருப்பார். 'வீட்டில் தவறி விழுந்ததாக' என்று கூட வந்தவர் சொன்ன ஒரு வரி பின்னால் வழக்கையே திருப்பிவிடும். அப்படிச் சொன்னது யார் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

உடலைக் குளிப்பாட்டாதீர்கள். ஊருக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோக எம்பாமிங் செய்வதாக இருந்தால் பி.எம். முடிந்த பிறகுதான், ஏனென்றால் அந்த ரசாயனம் ஏறிவிட்டால் விஷம் இருந்ததா என்று பார்ப்பது கஷ்டம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை அட்டை, குடித்த டம்ளர், ஊசி மருந்தின் காலிக் குப்பி எதையும் அத்தை வந்து கூட்டித் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பி.எம். பெரும்பாலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை இவற்றில் ஒன்றில் நடக்கும். எது என்பது ஸ்டேஷன் எல்லையைப் பொறுத்தது. உங்கள் புகாரே அந்த மருத்துவமனை மீதுதான் என்றால், வேறு அரசு மருத்துவக் கல்லூரியில் செய்ய வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். மாலை ஆகிவிட்டால் மறுநாள்தான் என்பார்கள். 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை, வசதியுள்ள இடங்களில் இரவிலும் செய்யலாம் என்று அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் பொதுவாக அதில் சேராது. அவசரப்படுத்தாதீர்கள், பகல் வெளிச்சத்தில் நடப்பதே உங்களுக்கு நல்லது.

மனுவில் பெரிய இலக்கியம் வேண்டாம். இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, தடயவியல் மருத்துவத் துறைத் தலைவருக்கு ஒன்று. 'என் கணவரின் இறப்பில் எனக்குச் சந்தேகம் உள்ளது. பிரேதப் பரிசோதனையைத் தடயவியல் மருத்துவத்தில் மேல்படிப்பு முடித்த மருத்துவர்களைக் கொண்டு செய்யவும், முழுவதையும் வீடியோ எடுக்கவும், உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.' இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதி, முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வெளியே வந்து அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த ஒரு கையெழுத்து

மார்ச்சுவரி வாசலில் மகன் சுவரில் சாய்ந்து நிற்பான், இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டான். ஒரு ஏட்டு வெள்ளைத் தாளோடு வருவார். "தம்பி, இதுல ஒரு கையெழுத்து போடுங்க, பாடி சீக்கிரம் வந்துடும்." குரல் கனிவாகத்தான் இருக்கும், பாதி நேரம் அவருக்கும் உள்நோக்கம் எதுவும் இருக்காது, வழக்கமாக எழுதும் வாசகம் அது. தாளின் நடுவில் எங்கோ 'அன்னாரின் இறப்பில் எங்களுக்கு யார் மீதும் எவ்விதச் சந்தேகமும் இல்லை' என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் எந்த வாசலுக்குப் போனாலும் அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.

படித்துவிட்டுப் போடுங்கள். அந்த வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் 'உடலைப் பெற்றுக்கொண்டேன், சந்தேகம் உள்ளது, விசாரணை கோருகிறேன்' என்று எழுதிப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது. இன்னொன்று, போலீஸ் உங்களை விசாரித்து எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் (பழைய பிரிவு 161, இப்போது பி.என்.எஸ்.எஸ். 180) சாட்சி கையெழுத்துப் போடத் தேவையே இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

உடலை வாங்க மறுப்பது, சாலை மறியல் இரண்டும் நம் ஊரில் பழகிய வழி. தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அசையாத ஃபைல் அதனால் அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உதவி ஆணையர் வந்து உட்காரும்போது என்ன கேட்பது என்று வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே போய் ஆளாளுக்குக் கத்தினால் 'அரசுக்குப் பரிந்துரை செய்கிறோம்' என்ற வாய் வார்த்தையோடு அனுப்பிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், வீடியோவோடு பி.எம்., இன்ன பிரிவு சேர்ப்பது என்று அன்றே கையில் கிடைக்கக் கூடியதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனையில் கண்ணாடியை உடைப்பது, டாக்டர் மேல் கை வைப்பது வேண்டவே வேண்டாம். அதற்கென்று தமிழ்நாட்டில் 2008இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். அப்புறம் செத்தவர் வழக்கை விட்டுவிட்டு உள்ளே போனவரை எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

உடலை இறுதியாகக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377. வாசலில் தனியார் வண்டிக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டும் முன் கூப்பிட்டுப் பாருங்கள்.

முதல் வாரம்

சிசிடிவி எத்தனை நாள் நிற்கும் என்பது அந்த மெஷினில் உள்ள ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தது. கடை, அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி வராண்டா என எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம், 'இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையான பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்' என்று கடிதம் கொடுத்து நகலைப் புலனாய்வு அதிகாரிக்கும் அனுப்புங்கள். உங்களுக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, போலீஸ் கேட்டு வாங்கலாம். கடிதம் போன பிறகு அழிந்தது என்றால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இறந்தவரின் போனை ரீசெட் செய்யாதீர்கள், சிம்மை ரத்து செய்யாதீர்கள், ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். போலீஸ் எடுத்துப் போனால் என்ன மாடல், என்ன எண் என்று எழுதிய மகஜர் (கைப்பற்றியதற்கான பட்டியல்) நகல் கேளுங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். யாருக்கு என்ன தெரியுமோ அதை அவரவர் சொன்ன மாதிரியே எழுத ஒரு ஆளை நியமியுங்கள், பெரும்பாலும் மருமகள் அல்லது காலேஜ் படிக்கும் பெண் இதை நன்றாகச் செய்வார்கள். 'இரவு 9.40: நெஞ்சு எரிகிறது என்றார். 10.15: ஆட்டோவில் கிளம்பினோம். 10.35: உள்ளே கூட்டிப் போனார்கள், பச்சைச் சட்டை நர்ஸ் ஊசி போட்டார். 11.20: பெரிய டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். 12.05: வந்தார்.' இப்படி. நேரம் தெரியாவிட்டால் போன் கால் பட்டியலைப் பாருங்கள், அக்காவுக்குப் போன் செய்தது எத்தனை மணி என்று அதில் இருக்கும். கோபத்தையும் யூகத்தையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். பின்னால் வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் உள்ள சரக்கு இந்த நோட்டுதான்.

சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைத் தந்து அனுப்புவார்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான சீட்டு, வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு நகல் இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். போட மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, அதற்கும் அசைவு இல்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். எழும்பூரா சைதாப்பேட்டையா ஜார்ஜ் டவுனா என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது. முதல் எஃப்.ஐ.ஆர். 194இல் சாதாரண சந்தேக மரணமாகத்தான் இருக்கும், அதற்காக உடைந்துபோக வேண்டாம். பி.எம். முடிவோ சாட்சியோ வந்த பிறகு பிரிவை மாற்றுவார்கள், செக்‌ஷன் ஆல்டர் என்பார்கள். அந்த மாற்றம் நடந்ததா என்பதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது, இதையும் மனுவில் எழுதிக் கேளுங்கள்.

பி.எம். ரிப்போர்ட் கையில் வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவீர்கள். பல நேரம் அங்கே காரணம் இருக்காது, 'ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். உள்ளுறுப்பு மாதிரிகள் மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்குப் போகும். அங்கிருந்து முடிவு வந்தாலும் வேலை முடியாது, அதைப் பார்த்துவிட்டு பி.எம். செய்த டாக்டர் இறுதிக் கருத்து எழுத வேண்டும். மாதிரி ஸ்டேஷனிலிருந்து எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, ரிப்போர்ட் எப்போது வந்தது, இறுதிக் கருத்து கேட்டு டாக்டருக்குக் கடிதம் போனதா, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் ஃபைல் தூங்கும். எதில் என்று தெரிந்தால் அங்கே போய்த் தட்டலாம். மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் இறப்புக் காரணம் இருக்காது, அதை வைத்து யாரும் எதையும் மறைத்ததாக நினைக்க வேண்டாம். காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனை தர வேண்டும், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தம் அதைச் சொல்கிறது.

சிகிச்சையில் தவறு என்றால்

முதலில் கேஸ் ஷீட். நோயாளியின் தரப்பு எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி என்ற இரண்டு பக்கத்தோடு திருப்தியடையாதீர்கள். நர்ஸ் குறிப்பு, மருந்து கொடுத்த சார்ட், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், இ.சி.ஜி., லேப் ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி. என்று பேர் சொல்லிக் கேளுங்கள். பில் பாக்கி இருந்தாலும் கேளுங்கள். நர்ஸ் குறிப்பில்தான் நேரம் இருக்கும், உங்கள் நோட்டில் உள்ள 11.20 அங்கே என்னவாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலீஸ் வழக்கு இதில் மெதுவாகத்தான் போகும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் மீது நடவடிக்கைக்கு முன் வேறொரு டாக்டரிடம், கூடுமானவரை அரசு மருத்துவரிடம், கருத்து வாங்க வேண்டும் என்றது. அந்தக் கருத்துக் குழுவுக்கு உங்கள் தரப்புக் காகிதங்களும் போனதா என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 106இல் பொதுவாக அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை, சிகிச்சையின்போது என்றால் டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறை.

எந்த வாசல் எதைத் தரும் என்று தெளிவாக இருங்கள். அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம், உங்களுக்குக் காசு தராது. மருத்துவமனையின் உரிமம் பற்றிய புகார் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கு. நஷ்ட ஈடு நுகர்வோர் ஆணையத்தில், 2 ஆண்டுக்குள், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. எல்லாருக்கும் முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது, அதற்கு உயர் நீதிமன்ற ரிட் அல்லது சிவில் வழக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலை விபத்து என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும், இழப்பீட்டு மனு 6 மாதத்துக்குள், சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில். இடித்த வண்டி தெரியாமலே போனாலும் 2 லட்சம் உண்டு. சாக்கடை, மலக்குழியில் இறங்கி இறந்தால் 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது, கான்ட்ராக்டர் கொடுக்கும் கவரை வாங்கி முடித்துவிடாதீர்கள். மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் மின் ஆய்வாளர் அறிக்கைதான் உயிர்நாடி. திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை உண்டு, பிறந்த வீட்டார் தனியாகப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். காவலில் மரணம் என்றால் மாஜிஸ்ட்ரேட் விசாரணை, அதில் குடும்பத்தார் உடனிருக்க உரிமை உண்டு. பசுமைவழிச் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். இரண்டாவது பி.எம். வேண்டுமானால் உயர் நீதிமன்றம்தான், அதற்கு உடல் இன்னும் மார்ச்சுவரியில் இருக்கும்போதே வக்கீல் ஓட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். கணவரை இழந்த பெண் என்றால் மனுவை அவர் பெயரிலேயே போடுங்கள்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) நல்ல ஆயுதம்தான், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். 'என் தந்தை ஏன் இறந்தார்' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன குற்ற எண்ணில் மாதிரிகள் அனுப்பப்பட்ட தேதி, கடித எண்' என்று கேட்டால் வரும். நடக்கும் விசாரணை என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

இதற்கிடையில் அம்மா சாப்பிடுகிறாரா, தம்பி தூங்குகிறானா என்றும் பாருங்கள். வழக்குக்கு அலையும் ஆளைச் சுற்றியே வீடு ஓடும், அழுது முடிக்காத ஆள் மூலையில் இருப்பார். மனசு தாங்காவிட்டால் கூப்பிட உதவி எண்கள் உண்டு, 104லும் 14416லும் தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக ஒரு நோட்டீஸ் பற்றி. விசாரித்ததில் குற்றம் இல்லை என்று போலீஸ் முடிவு செய்தால் 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று கோர்ட்டுக்கு அறிக்கை போடுவார்கள், உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். வழக்கை முடித்துவைக்கும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, எனவே நீங்கள் அந்த மாஜிஸ்ட்ரேட் முன் ஆட்சேப மனுப் போட்டு மேல் விசாரணை கேட்கலாம். பத்து நாள் முன்னால் வந்த கவரைக் கரண்ட் பில்லோடு சேர்த்து ஆணியில் மாட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு. காரியம் முடிந்து பலர் வாடகை வீட்டை மாற்றுவார்கள். மாற்றினால் புது விலாசத்தையும் போன் நம்பரையும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள், பழைய வீட்டுக்காரரிடமும் தபால் வந்தால் கூப்பிடச் சொல்லி வையுங்கள்.